வச்சிரத்தால் கண்ணாடியை அலங்கரிக்கும் கைத்தொழில்

தச்சுப் பட்டறைகளில் இரட்டைப் பாத்திரத்தில் உருகிக்கொண்டிருந்த வச்சிரப் பசையின் வாசனை, சென்ற தலைமுறையினர் பலருக்கும் பழக்கமானது. விலங்குகளின் தோல் துணுக்குகளையும் எலும்பையும் நீரிலிட்டு வேகவைத்து, வடித்து, வற்றக் காய்ச்சி, உலர்த்தியெடுக்கும் பசையே வச்சிரம். இக்காலத்தில் வெண்ணிறச் செயற்கைப் பசைகள் அதன் இடத்தைப் பெரும்பாலும் கைப்பற்றிவிட்டன. ஆயினும் பலகையோடு பலகையைப் பற்றவைப்பதற்கென்றே ஏற்பட்ட இந்த வச்சிரம், பற்றவைப்பதற்கு நேர்மாறான ஒரு காரியத்தையும் செய்ய வல்லது என்பதைப் பலர் அறியார். கண்ணாடியின் மேல் இதனைப் பூசி உலரவிட்டால், உலரும்போது சுருங்கி, தன்னோடு ஒட்டிய கண்ணாடியையே செதில் செதிலாகப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். பெயர்ந்த இடத்தில் பெரணி இலைகளைப் போலவும், பறவையின் இறகுகளைப் போலவும், குளிர் நாடுகளில் சன்னற் கண்ணாடியின்மீது உறைபனி படர்வதைப் போலவும் ஒரு கோலம் எஞ்சி நிற்கும். இதனையே அலங்காரமாகக் கொண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு கைத்தொழில் வளர்ந்தது.

அத்தொழிலின் வரலாற்றையும், அதில் அடங்கிய இயற்கை விதியையும், செய்முறையையும், நேரக்கூடிய பிழைகளையும் ஆபத்துகளையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதைப் படிப்போர் தொடக்கத்திலேயே ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும். இத்தொழிலில் உளியும் சுத்தியும் இல்லை. கோலத்தை உண்டாக்குவது தொழிலாளியின் கையன்று, பசையின் உலர்தலே. கைக்கு உரியவை முன்னேற்பாடும் பொறுமையுமேயாம். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் கண்ணாடியும் கூலியும் ஒருங்கே வீணாகும்.

தொழிலின் வரலாறு

வழவழப்பான கண்ணாடியில் வச்சிரம் உறுதியாகப் பற்றாது. அதற்குப் பிடிப்பு வேண்டுமானால் கண்ணாடியின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். முற்காலத்தில் இது கையால் தேய்த்தோ, சாணைச் சக்கரத்தில் பிடித்தோ, திராவகத்தால் அரித்தோ செய்யப்பட்டு வந்தது. மூன்றும் செலவும் நேரமும் பிடிப்பவை. பிலடெல்பியா நகரத்தவரான பெஞ்சமின் டில்க்மன் என்பவர் 1870-ஆம் ஆண்டில் மணல் வீச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். காற்றின் அல்லது நீராவியின் வேகத்தால் மணலை வீசியெறிந்து கடினமான பொருள்களைத் தேய்ப்பதே அம்முறை. பெரிய கண்ணாடித் தகட்டையும் சில நிமிஷங்களில் ஒரே சீராகச் சொரசொரப்பாக்க அதனால் இயன்றது. அதன் பின்னரே வச்சிரத்தால் கண்ணாடியைப் பெயர்க்கும் தொழில் பரவலாயிற்று.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்க நகரங்களில் வங்கிகளின் கதவுகளிலும், உணவு விடுதிகளின் பலகணிகளிலும், வீடுகளின் முகப்புக் கதவுகளிலும் இவ்வகைக் கண்ணாடி விரும்பிப் பதிக்கப்பட்டது. வெளிச்சம் உள்ளே வரும். ஆனால் உள்ளிருப்போரை வெளியிலிருந்து பார்க்க இயலாது. மறைவும் ஒளியும் ஒருங்கே கிடைத்தமையால் இதற்கு மதிப்பு ஏற்பட்டது. சிகாகோ நகரில் ராசன் அண்டு எவன்ஸ் கம்பெனியார் இம்முறையால் வியாபார விளம்பரப் பலகைகள் செய்து பெயர் பெற்றனர். கனெக்டிகட் மாகாணத்து மெரிடன் நகரில் இருந்த ஹாண்டல் கம்பெனியார், விளக்குகளின் கண்ணாடிக் கவிகைகளுக்கு மேற்புறத்தில் மீன் பசை பூசிச் சூளையில் உலர்த்தி, உடைந்த பனிக்கட்டி போன்ற தோற்றத்தை உண்டாக்கினர்.

பின்னர் மக்களின் ரசனை மாறியது. அலங்காரமில்லாத வழவழப்பான தோற்றமே நாகரிகம் என்ற கொள்கை பரவியது. விளம்பரத் துறையில் நியான் விளக்குக் குழாய்கள் வந்து சேர்ந்தன. அதனால் கையால் செய்யப்பட்ட கண்ணாடிப் பலகைகள் வழக்கொழிந்தன. தொழிலின் நுட்பங்கள் சில முதியோரிடத்திலும் பழைய செய்முறைப் புத்தகங்களிலும் மாத்திரம் தங்கியிருந்தன. 1970-களில் அமெரிக்காவில் பெயர்ப்பலகை எழுதும் இளைஞர் சிலர் முதியோரைத் தேடிச் சென்று பழைய முறைகளைக் கற்றுப் பிறர்க்கும் கற்பிக்கத் தொடங்கினர். அவற்றுள் இதுவும் ஒன்று. இங்கிலாந்தின் டார்க்கி நகரத்தில் கண்ணாடியில் பொன் வேலை செய்யும் டேவிட் ஸ்மித் என்பவர் இக்கலையில் வல்லுநர். அமெரிக்கப் பாடகர் ஜான் மேயர் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தொகுப்பின் முகப்பைச் சித்திரித்தவர் அவரே. முற்றும் மறைந்தது என்று கருதப்பட்ட தொழில் ஒன்று, கற்றுக்கொள்ள முன்வந்த சிலரால் மீண்டும் உயிர் பெற்றதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

மென்மையான பசை வன்மையான கண்ணாடியை வெல்லும் காரணம்

கண்ணாடி மிகக் கடினமானது. வச்சிரமோ வெந்நீரில் கரைந்துபோவது. அவ்வாறிருக்க, இது அதனை எங்ஙனம் பிய்க்கிறது என்ற ஐயம் எழுதல் இயல்பு.

விடை இரண்டு உண்மைகளில் அடங்கியுள்ளது. முதலாவது, கண்ணாடியின் குணம். அமுக்கும் பாரத்தைத் தாங்குவதில் கண்ணாடி பெருவலி படைத்தது. இழுக்கும் விசையைத் தாங்குவதிலோ மிகவும் பலவீனமானது. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் எப்போதும் உள்ளன. இழுவை ஏற்படும்போது அக்கீறல்களின் நுனியில் விசை குவிந்து, அங்கிருந்து முறிவு தொடங்கும். சொரசொரப்பாக்கும் வேலை பசைக்குப் பிடிப்பைத் தருவதோடு, இத்தகைய கீறல்களைப் பெருக்கியும் விடுகிறது.

இரண்டாவது, வச்சிரத்தின் குணம். அது ஜெலட்டின் என்னும் புரதப் பொருளாலாகியது. ஒரு பாகம் வச்சிரத்துக்கு இரண்டு பாகம் நீர் சேர்த்துக் குழம்பாக்கினால், அந்நீர் முழுவதும் ஆவியான பின்னர் எஞ்சுவது முதலில் பூசிய எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. அவ்வளவும் சுருங்கியாக வேண்டும். ஆனால் அடிப்பக்கம் கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருப்பதால் அது தன் விருப்பப்படி சுருங்க இயலாது. ஆகவே பசைக்குள் இழுவை நாளுக்கு நாள் ஏறுகிறது. கண்ணாடியின் மேற்பரப்பு அதற்கு ஈடுகொடுக்க முடியாத கணத்தில், ஓரங்களில் பசை சுருண்டெழுந்து, சிப்பி ஓட்டின் உட்புறம் போன்ற வளைந்த செதிலைப் பெயர்த்துவிடுகிறது. முறிவு ஓரிடத்தில் தொடங்கிப் பக்கங்களில் கிளைத்துச் செல்வதனாலேயே பெரணி இலை போன்ற வடிவம் உண்டாகிறது.

பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி லூயி கையத்தே என்பவர் இதனை ஆராய்ந்து 1902-ஆம் ஆண்டில் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்குத் தெரிவித்தார். 1877-ஆம் ஆண்டில் ஆக்ஸிஜன் வாயுவைத் திரவமாக்கிப் புகழ் பெற்றவர் இவரே. வச்சிரத்தோடு படிகாரம் போன்ற உப்புகளைச் சிறிதளவு கலந்தால் கோலத்தின் வடிவம் மாறுகிறது என்றும், பாசி படர்ந்தாற்போன்ற நுண்ணிய உருவங்கள் கிடைக்கின்றன என்றும் அவர் கண்டார். தொழிலாளிகள் அனுபவத்தால் அறிந்திருந்த ஒன்றுக்கு இவ்வாறு விஞ்ஞானத்தின் சான்றும் கிடைத்தது.

வேண்டிய பொருள்கள்

கண்ணாடி: கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு உத்தமம். மெல்லிய சன்னற் கண்ணாடி பசையின் இழுவைக்குத் தாங்காமல் முழுவதுமே வெடித்துவிடக்கூடும். டஃபன்ட் கிளாஸ் என்று விற்கப்படும் பதமேற்றிய கண்ணாடியை இவ்வேலைக்கு எடுக்கவே கூடாது. அதன் மேற்பரப்பு அமுக்கத்தில் வைக்கப்பட்டிருப்பதால் எளிதில் பெயராது. ஆழமாக முறிந்தாலோ முழுத்தகடும் பொடிந்து சிதறும்.

வச்சிரம்: தோலிலிருந்து எடுத்த வச்சிரமே வேண்டும். எலும்பு வச்சிரம் பொதுவாக வலிமை குறைந்தது. எத்தனை இறுக்கமான கூழாக உறைகிறதோ அத்தனைக்கு அது சிறந்தது. கூழின் இறுக்கத்தை அளப்பதற்கு ஆஸ்கர் ப்ளூம் என்பவர் 1925-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கருவியின் பெயரால் ‘ப்ளூம்’ என்னும் அளவு இன்றும் வழங்குகிறது. வாங்கும்போது அவ்வெண் உயர்ந்ததாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குதல் நலம். குழாயில் அடைத்து விற்கும், தானாகவே திரவமாயிருக்கும் பசைகள் இதற்குப் பயன்படா. அவை உறைந்து சுருங்காதபடி மருந்து சேர்க்கப்பட்டவை.

தேய்க்கும் தூள்: கார்போரண்டம் தூள், 80 முதல் 120 வரை எண்ணுள்ளது.

மறைப்பு: கோலம் வேண்டாத இடத்தை மூடுவதற்குத் தடித்த ஒட்டுத்தாள் அல்லது ரப்பர்த் தாள். முன்னாளில் தார் வார்னிஷ், மெழுகு, ஈயத் தகடு முதலியன இதற்கு உபயோகப்பட்டன.

இவற்றோடு, வெந்நீரில் வைத்து உருக்குவதற்கு ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கத்தக்க இரண்டு பாத்திரங்கள், ஒரு வெப்பமானி, அகலத் தூரிகை, நீர்மட்டம், கூரிய கத்தி, கண்ணை முற்றும் மூடும் கண்காப்பு, தடித்த கையுறை ஆகியனவும் வேண்டும்.

செய்முறை

1. சொரசொரப்பாக்குதல். கோலம் வேண்டாத பகுதிகளை மறைப்பால் மூடியபின் எஞ்சிய பகுதியை ஒரே சீராகத் தேய்க்கவேண்டும். மணல் வீச்சு இயந்திரம் வைத்துக் கல்லிலும் கண்ணாடியிலும் உருவம் பொறிக்கும் கடைகள் இப்போது பல நகரங்களில் உள்ளன; அங்கே கூலி கொடுத்துச் செய்துகொள்ளலாம். இயந்திரம் கிட்டாதவர், கண்ணாடியின்மேல் கார்போரண்டம் தூளைத் தூவி நீர் தெளித்து, மற்றொரு சிறு கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து வட்டமாகத் தேய்க்கலாம். முழுப் பரப்பையும் தேய்க்கும் வேலைக்கே இக்கைமுறை ஏற்றது. மறைப்பு ஒட்டிய கண்ணாடிக்கு இயந்திரமே தகும். எங்கும் பளபளப்பு எஞ்சலாகாது. தேய்த்தபின் சுத்த நீரால் கழுவி உலர்த்தி, அதன் பின்னர் விரல் படாமல் காக்கவேண்டும். விரலிலுள்ள எண்ணெய்ப் பசை சிறிது பட்டாலும் அவ்விடத்தில் வச்சிரம் பற்றாது.

2. வச்சிரம் ஊறவைத்தல். ஒரு பாகம் வச்சிரத்தை இரண்டு பாகம் குளிர்ந்த நீரில் இட்டு, குருணைகள் நீரை முற்றும் குடித்துப் பருக்கும்வரை சில மணி நேரம் ஊறவிடவேண்டும். 1 சதுர அடிப் பரப்பில் எட்டில் ஒரு அங்குலக் கனத்துக்குப் பூசச் சுமார் 300 கிராம் குழம்பு வேண்டும்; அதில் உலர்ந்த வச்சிரம் 100 கிராம் அடங்கும். இக்கணக்கை வைத்துக்கொண்டு வேண்டிய அளவை மாத்திரம் ஊறவைத்தல் சிக்கனம். ஊறிய வச்சிரம் வெப்ப நாள்களில் ஓரிரு தினங்களுக்குள் அழுகிவிடும்.

3. உருக்குதல். ஊறிய வச்சிரப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்துச் சூடேற்றவேண்டும். சூடு 140 முதல் 150 டிகிரி பாரன்ஹீட், அதாவது 60 முதல் 65 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்போகலாகாது. கொதித்த வச்சிரம் பார்வைக்கு நல்ல வச்சிரம் போலவே இருக்கும். ஆனால் அதன் வலிமை சிதைந்துபோயிருக்கும். நேரடியாக அடுப்பில் வைத்து அவசரப்படுவோர் அடையும் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. உருகிய குழம்பைச் சற்று அசையாமல் வைத்து மேலே வந்த நுரையை எடுத்துவிட வேண்டும்.

4. பூசுதல். கண்ணாடியை நீர்மட்டம் வைத்துச் சமதளமாகக் கிடத்தி, குழம்பைத் தூரிகையால் எட்டில் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரே சீராகப் பரப்பவேண்டும். கனம் மிகுந்தால் செதில்கள் பெரியனவாகவும், குறைந்தால் சிறியனவாகவும் வரும். கண்ணாடியின் ஓரத்திலிருந்து அரை அங்குலமேனும் உள்ளடங்கிப் பூசுதல் வேண்டும். ஓரத்தைக் கடந்து பசை வழிந்தால் உலரும்போது ஓரத்தையே உடைத்துவிடும்.

5. இறுகவிடுதல். பூசிய கண்ணாடியை அசைக்காமல் ஒரு நாள் முழுதும் காற்றாட வைக்கவேண்டும். முதலில் கூழாக உறைந்து, பின்னர் பதப்படுத்திய தோலைப் போல் ஆகும். கூழாக இருக்கும்போதே மறைப்பின் விளிம்பை ஒட்டிக் கூரிய கத்தியால் கீறி, வெளியே படர்ந்த பசையை நீக்கிவிடவேண்டும். விளிம்பு சுத்தமாக அமைவது இதனால்தான்.

6. உலர்த்திப் பெயர்த்தல். மறுநாள் கண்ணாடியை 35 முதல் 40 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள வறண்ட இடத்தில் வைக்கவேண்டும். சில மணி நேரத்திலோ, ஓரிரு நாளிலோ மெல்லிய ‘டிக், டிக்’ என்ற ஓசை கேட்கத் தொடங்கும். அதுவே கண்ணாடி பெயரும் ஓசை. அப்போது அருகில் சென்று குனிந்து பார்க்கும் ஆசையை அடக்கவேண்டும். செதில்கள் துள்ளித் தெறிக்கும். ஓசை முற்றும் அடங்கியபின், கண்காப்பும் கையுறையும் அணிந்துகொண்டு எஞ்சிய பசையை மெல்ல அகற்றி, வெந்நீரால் கழுவினால் வேலை முடிந்தது.

ஒருமுறை பெயர்த்தால் இலைகளுக்கு இடையிடையே சொரசொரப்பான வெண்பரப்பு எஞ்சிநிற்கும். இது ஒற்றைக் கோலம். அதன்மேல் மறுபடியும் வச்சிரம் பூசி முழுமுறையையும் மீண்டும் நடத்தினால் இடைவெளிகளும் பெயர்ந்து பரப்பு முழுவதும் நெருங்கிய இலைகளாகும். இது இரட்டைக் கோலம். பெயர்ப்பலகை செய்வோர் கோலமிட்ட எழுத்துகளின் பின்புறத்தில் ஜெலட்டின் கரைத்த நீரால் தங்க ரேக்கு ஒட்டி, அதன்மேல் வர்ணம் பூசிக் காப்பிடுவர். முன்புறமிருந்து பார்க்கையில் ஒவ்வொரு செதிற்குழியும் ஒளியை வேறு வேறு திசையில் திருப்புவதால், எழுத்து முழுவதும் வைரக்கல் இழைத்தது போல் மின்னும்.

காற்றின் ஈரம்

இத்தொழிலின் வெற்றியும் தோல்வியும் காற்றிலுள்ள ஈரத்தைப் பொறுத்தவை. வச்சிரம் ஈரக் காற்றில் உலர மறுக்கும். உலர்ந்ததும் காற்றிலிருந்து மீண்டும் ஈரத்தை ஏற்று நெகிழும். மழைக்காலத்தில் வச்சிரம் வைத்த நாற்காலிகளின் மூட்டுகள் தளர்வதைக் கண்டவர்க்கு இது புதிதன்று. வறண்ட குளிர்காலமுள்ள நாடுகளில் இத்தொழில் எளிதாக நடைபெற்றதன் காரணமும் இதுவே.

நம் நாட்டில் இதனைச் செய்து பார்க்க விரும்புவோர் பருவத்தைக் கவனிக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தொடங்குவது வீண். கடற்கரையிலிருந்து விலகிய உள்நாட்டு ஜில்லாக்களில் மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. ஆனால் கோடையின் கடும் வெப்பத்தில் வேறொரு இடையூறு உண்டு. வச்சிரக் கூழ் சுமார் 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உறையத் தாமதிக்கும். அல்லது உறையாமலே கிடக்கும். ஆகவே பூசும் வேலையை இரவின் குளிர்ச்சியில் செய்து, பெயர்க்கும் வேலையைப் பகலின் வெப்பத்துக்கு விடுதல் நல்ல உபாயம். கடற்கரை ஊர்களில் உள்ளோர் மூடத்தக்க மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதனுள் கண்ணாடியைக் கிடத்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் குருணையை அகன்ற தட்டில் இட்டு வைக்கலாம். சிறிய மின்விளக்கு ஒன்றை உள்ளே எரியவிட்டால் வேண்டிய வெப்பமும் கிடைக்கும்.

நேரும் பிழைகளும் அவற்றின் காரணமும்

பசை கண்ணாடியைப் பெயர்க்காமல் தான்மட்டும் உரிந்துவந்தால், தேய்த்தது போதாது, அல்லது எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது வச்சிரம் கொதித்து வலிமை இழந்தது என்று அறிக. பசை நாட்கணக்கில் அசையாமல் ஒட்டியே கிடந்தால், காற்றில் ஈரம் மிகுதி அல்லது பூச்சின் கனம் குறைவு. அப்போது கத்தியால் சுரண்டுதல் தகாது. இன்னும் வறண்ட இடத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் இணங்காவிடில் வெந்நீரால் பசையைக் கரைத்துக் கழுவிவிட்டு மறுபடியும் தொடங்கலாம். கண்ணாடிக்கு யாதொரு கேடும் வராது. செயற்கைப் பசைகள் பலவற்றில் இல்லாத இச்சலுகை வச்சிரத்தில் உண்டு. கோலத்தின் இடையே வட்டவட்டமான வெற்றிடங்கள் தோன்றினால் குழம்பில் நுரை இருந்தது என்று பொருள். தகடே வெடித்தால் கண்ணாடி மெல்லியது, அல்லது ஓரத்தில் முன்னமே கீறல் இருந்தது, அல்லது பசை ஓரத்தைக் கடந்தது.

இவ்வாறு ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் உண்டு. ஆகவே தேதி, காற்றின் நிலை, வச்சிரத்தின் அளவு, பூச்சின் கனம், பெயர்வதற்குச் சென்ற நேரம் ஆகியவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவருதல் அவசியம். பத்துத் துண்டுகளின் குறிப்பு கைவசம் இருந்தால் பதினோராவது துண்டு பெரும்பாலும் தவறாது.

ஆபத்துகள்

வருவாயைக் கருதித் தொடங்கும் தொழிலில் கண்ணையும் நெஞ்சையும் இழந்தால் அது வருவாய் ஆகாது. எனவே பின்வருவனவற்றைச் சிறிதும் அலட்சியம் செய்யலாகாது.

பெயர்ந்த செதில்கள் சவரக் கத்தியினும் கூரியவை. உலர்த்தும் இடத்தில் குழந்தைகள் நுழையாதபடி கதவைப் பூட்டிவைக்க வேண்டும். வெறுங்காலுடன் எவரும் அங்கு நடத்தல் கூடாது. தரையை ஈரத்துணியால் துடைத்தபின் துணியையும் எறிந்துவிட வேண்டும்.

கிராமங்களில் இன்னொன்றையும் நினைவில் வைத்தல் தகும். வச்சிரம் விலங்குப் பொருளாகையால் நாய்க்கும் எலிக்கும் அதன் வாசனை பிரியமானது. கண்ணாடிச் செதில் ஒட்டிய வச்சிரத் துண்டுகளைக் குப்பை மேட்டில் எறிந்தால், அதனைத் தின்ற பிராணி வயிறு கிழிந்து மாளும். எருக்குழியில் கலந்தாலோ வயலில் இறங்குவோர் காலில் ஏறும். அவற்றைத் தகரப் பெட்டியில் சேர்த்து, ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். செதில் கலந்த வச்சிரத்தை மீண்டும் உருக்கி உபயோகிப்பதும் தகாது. சிக்கனம் என்று கருதி அவ்வாறு செய்வோர் கையை அறுத்துக்கொள்வர்.

எல்லாவற்றினும் கொடியது தூசி. மணலை வீசிக் கண்ணாடியைத் தேய்க்கும்போது எழும் நுண்ணிய மணற்தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி, சிலிக்கோஸிஸ் என்னும் தீராத நோய் உண்டாகும். பிரிட்டனில் வார்ப்படம் முதலியவற்றை மணல் வீசித் துப்புரவு செய்வது 1949-ஆம் ஆண்டு விதிகளால் தடுக்கப்பட்டது. ஆகவே இயந்திரம் வைத்திருப்போர் மணலை விடுத்துக் கார்போரண்டம் அல்லது அலுமினியம் ஆக்ஸைடு தூளையே வீசவேண்டும். அதையும் மூடிய பெட்டிக்குள் செய்தல் வேண்டும். கையால் தேய்ப்போர் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரம் உள்ளவரை தூசி எழாது. இறுதியாக, ஹைட்ரோபுளோரிக் திராவகத்தால் கண்ணாடியை அரிக்கும் முறை பழைய புத்தகங்களில் காணப்படுகிறது. அத்திராவகம் தோலின் வழியே ஊறி உயிருக்கே உலை வைப்பது. வீட்டுத் தொழிலில் அதற்கு இடமே இல்லை.

பயனும் வருவாயும்

இத்தொழிலை மாத்திரம் நம்பி ஒரு குடும்பம் பிழைக்கலாம் என்று சொல்லுவது உண்மைக்கு மாறாகும். ஆலைகளில் உருளையால் அச்சிட்ட கோலக் கண்ணாடி மலிவாகக் கிடைக்கிறது. பெரணிக் கோலத்தைப் போலவே அச்சிட்டதும் உண்டு. விலையில் அதனோடு போட்டியிடக் கையால் இயலாது. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். அச்சுக் கண்ணாடியில் ஒரே உருவம் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். அதன் விளிம்புகள் மழுங்கியிருக்கும். வச்சிரம் பெயர்த்த கண்ணாடியில் ஓர் இலையைப் போல் மற்றோர் இலை இராது. விளிம்புகள் கூர்மையாக ஒளிவிடும். மேலும் ஒருவருடைய பெயரையோ கடையின் பெயரையோ கோலத்துக்குள் அமைத்துத் தருவது கைத்தொழிலாளியாலேயே ஆகும். அத்தகைய வேலையை நாடுவோர் சிலரே. எனினும் அவர்கள் வேலையின் தரத்தை அறிந்து விலை கொடுப்பவர்கள்.

ஆதலால் முன்னமே கண்ணாடியோடு பழகியவர்கள் இதனைத் துணைத்தொழிலாகக் கொள்வதே தக்கது. படங்களுக்குச் சட்டமிடுவோர், பெயர்ப்பலகை எழுதுவோர், கண்ணாடி அறுத்துப் பொருத்துவோர் ஆகியோருக்குக் கருவிகளிற் பாதி கையிலேயே உள்ளது. கண்ணாடியின் பின்புறத்தில் சித்திரம் தீட்டிப் பொன் ரேக்கு வைக்கும் கலை 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் சிறந்து விளங்கியது. அம்மரபில் பயின்ற கைகளுக்குப் பொன்னிடும் பகுதி கடினமாகத் தோன்றாது. மூலப்பொருளும் நமக்கு அயலானதன்று. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் போன்ற ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நெடுநாளாக நடந்து வருகிறது. பதனிடுமுன் வெட்டிக் கழிக்கும் தோல் துணுக்குகளே வச்சிரத்துக்கு மூலம்.

தொடங்க விரும்புவோர் முதலில் உள்ளங்கையளவு கண்ணாடித் துண்டுகள் நாலைந்தை எடுத்துக்கொள்க. கடையில் மீந்த துண்டுகளே போதும். அவற்றில் கோலம் தவறாமல் விழும் வரையில் பெரிய தகட்டுக்குப் பணம் போடாதிருப்பாராக. பிறருடைய கண்ணாடியைக் கூலிக்கு ஏற்பது அதற்கும் பிந்திய காரியம்.

கண்ணாடியைப் பெயர்க்கும் வலிமை வச்சிரத்துக்கு உலரும் காலத்திலேதான் வருகிறது. அக்காலத்தைக் குறைக்க முயன்று நெருப்பைக் கூட்டியவர்களும், கத்தியை எடுத்தவர்களும் உடைந்த கண்ணாடியையே கண்டனர். நன்றாகத் தேய்த்து, அளவாக உருக்கி, சீராகப் பூசி, கதவைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு மறுநாட் காலையில் பனிப்பூக் கோலம் கிடைத்தது.